தகரப்பெட்டியை எங்கே சேர்ப்பது?

ஊர் வீட்டை விற்பது என்று முடிவான பிறகுதான் பரணில் கிடந்த தகரப்பெட்டி எங்களுக்குப் பிரச்சினையானது. பாத்திரங்களைப் பங்கு போட்டாயிற்று. ஊஞ்சல் பலகை சித்தப்பா வீட்டுக்குப் போயிற்று. ஆட்டுரலை யாரும் கேட்கவில்லை. கடைசியாகப் பெட்டியை இறக்கித் திறந்ததும் பெரியப்பா மகன், "பழைய பேப்பர்தானே, எடைக்குப் போட்டுடலாம்" என்றான். அக்கா, "பாட்டையா கையெழுத்துடா" என்றாள். அங்கே தொடங்கிய பேச்சு எட்டு மாதம் ஓடியது. அதற்குள் பெட்டிக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள்: வீட்டிலேயே வைக்கலாம், ஸ்கேன் பண்ணிவிட்டுத் தூக்கிப்போடலாம், அரசாங்கத்திடம் கொடுக்கலாம், நூலகத்தில் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தேன். இதே மாதிரிப் பெட்டி ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் எங்கே கொடுப்பது என்று பேசுவதில் பயனில்லை. நாங்கள் முதல் இரண்டு மாதத்தை அப்படித்தான் வீணாக்கினோம்.

எங்கள் பாட்டையா, அதாவது ஐயாவின் அப்பா, ரங்கூனில் மொகல் தெருவில் ஒரு செட்டியார் லேவாதேவிக் கடையில் கணக்கு எழுதியவர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் மூன்று கட்டு, சணல் போட்டுக் கட்டியவை. தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், பிறகு க்ஷேமம் விசாரிப்பு, அப்புறம் நேராகப் பணம் அனுப்பிய கணக்கு. பாசமெல்லாம் ஓரத்தில் இடுக்கி எழுதிய கடைசி இரண்டு வரியில்தான் வரும். இவை போக நான்கைந்து கணக்கு நோட்டு, மொய் நோட்டுகள், ராஜா தலை போட்ட முத்திரைத்தாள் பத்திரங்கள், ஒரு பாகப்பிரிவினை, சாதக ஏடுகள் சில, பதினொரு போட்டோ.

தேதியெல்லாம் தமிழ் வருஷத்தில்தான். ஒரு கடிதத்தில் விஷு வருஷம் மார்கழி மாதம் என்று இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1881-லும் விஷு, 1941-லும் விஷு, 2001-லும் விஷு. இது 1941 என்பது உள்ளே இருக்கும் சேதியால் தெரிகிறது. அந்த டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அதற்கு இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதம் அது. கட்டில் அதற்கு அடுத்த தாள் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு தபால் கார்டு, சித்திரபானு வைகாசி. 1942 மே, ஜூன் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் ஐந்து மாதத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மார்ச்சில் ரங்கூன் விழுந்துவிட்டது. லட்சக்கணக்கான பேர் மலையும் காடும் நடந்து இந்தியாவுக்கு வந்த நேரம் அது. பாட்டையா நடந்து வந்தார் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி, அந்த இரண்டு தாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான்.

இதைப் பார்த்த பிறகு ஒரு விஷயத்தில் எனக்குத் தெளிவு வந்தது. கட்டைப் பிரிக்கக் கூடாது. "ஆளுக்கு நாலு கடிதம் ஞாபகமா எடுத்துக்கலாம்" என்று சித்தி நல்ல மனசோடுதான் சொன்னார். கார்டு ஒரு வீட்டிலும் மார்கழிக் கடிதம் இன்னொரு வீட்டிலும் இருந்தால் அந்த ஐந்து மாதம் யாருக்கும் தெரியாது. அதனால் நான் எந்த வழியைப் பற்றிக் கேட்டாலும் கேட்டது இரண்டு கேள்விதான். கட்டு கட்டாகவே இருக்குமா? அதில் என்ன இருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து எழுதி வைப்பார்களா? ஏசி, தீயணைப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வீட்டிலேயே வைப்பது என்ற வழி எல்லாருக்கும் முதலில் பிடித்திருந்தது. சென்னையில் தம்பி வீட்டு பீரோவில் இடம் இருக்கிறது. ஆனால் அவன் இருப்பது தரைத்தளம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டில் மட்டம் வரை தண்ணீர் வந்த வீடு. சரி, மாடியில் இருக்கும் அக்கா வீட்டில் வைக்கலாம் என்றால் அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் பரணில் அது பிழைத்துத்தானே கிடந்தது? அப்பத்தா வருஷா வருஷம் வசம்புத் துண்டும் காய்ந்த நொச்சி இலையும் போட்டுவைப்பார். ராமபாணப் பூச்சி ஓரங்களைத்தான் அரித்திருந்தது, எழுத்தில் கை வைக்கவில்லை. மையே தாளைத் தின்ற இடங்கள் உண்டு. கடுக்காயும் அன்னபேதியும் கலந்த பழைய மை அப்படித்தான், எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழும். அதை வசம்பு தடுக்காது, பீரோவும் தடுக்காது.

ஆனால் வீட்டில் வைப்பதன் உண்மையான ஆபத்து கரையானோ மையோ இல்லை. எங்கள் தலைமுறையில் இந்தக் கையெழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்க இரண்டு பேர் இருக்கிறோம். கணக்கு நோட்டில் ௹ என்றால் ரூபாய், ௸ என்றால் மேற்படி என்பது வரைக்கும் எனக்கு ஓடியது. மாகாணி, அரைக்கால் என்ற பழைய பின்னக் குறிகள் வந்ததும் நின்றுவிட்டேன். அணா, பைக் கணக்கு 1957-இல் போனது. அதைக் கையால் கூட்டிப் பழகியவர்கள் எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி வெறும் கனம்தான். நாங்கள் போன பிறகு இன்னொரு பெரியப்பா மகன் எடைக்குப் போடலாம் என்பான், அப்போது தடுக்க ஓர் அக்கா இருப்பாளா என்பது சந்தேகம்.

வீட்டில் வைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோ டேப், குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எதுவும் வேண்டாம். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அந்தத் தாள் தானும் பழுத்து இதையும் பழுக்க வைக்கும். கஞ்சி போடாத வெள்ளைத் துணி போதும்.

அடுத்தது ஸ்கேன். தம்பி மகள் ஒரு சனி ஞாயிறில் போனிலேயே அறுநூறு படத்துக்கு மேல் எடுத்துவிட்டாள். சாயந்திர வெயில் விழும் திண்ணையில், வெள்ளை வேட்டியை விரித்து. படங்கள் நன்றாகவே இருந்தன. கெடுத்தது நான்தான். எல்லாவற்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னேன். அது ஒவ்வொரு படத்தையும் சுருக்கிவிட்டது, பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் புகையாகத் தெரிகிறது. அதோடு படங்கள் வரிசை மாறி இறங்கின. எது எந்தக் கட்டு என்று கண்டுபிடிக்க மறுபடி பெட்டியோடு ஒப்பிட்டு ஒரு வாரம் உட்கார்ந்தோம். நல்லவேளை, அசல் படங்கள் அவள் போனில் இருந்தன. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் கட்டு எண், தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா என்று பெயர் போட்டிருக்கிறோம். பின்பக்கத்தை எடுக்க மறக்காதீர்கள். முகவரியும் தபால் முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டதே, அசல் எதற்கு என்று பெரியப்பா மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். மூலம் போய், படி மட்டும் நின்ற கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரைக்கும் எழுதப்பட்டது. எழுதியவர் இறந்து எண்பத்தைந்து வருஷம் அது குடும்பத்து வீட்டிலேயே கிடந்தது. 1846-இல் கல்லுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டுப் படியெடுக்கப்பட்டது. பிறகு சில தொகுதிகளின் மூலம் காணாமல் போயிற்று. படி இருந்ததால் நாட்குறிப்பு பிழைத்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாகப் போட்டது. இது ஸ்கேன் கட்சிக்கு வலுவான சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். அதே சாட்சியை நான் திருப்பியும் போடுவேன். படியெடுத்தவர்கள் ஒரு குடும்பத்தின் போன் நினைவகத்தை நம்பவில்லை. படிகள் வெவ்வேறு இடத்தில் இருந்தன, அதுதான் காப்பாற்றியது. இப்போது கூகுள் கணக்கை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் அழித்துவிடலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகம் போன்ற மலையே 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஆகவே ஸ்கேன் கட்டாயம் வேண்டும், எங்கே கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். ஆனால் அசலைத் தூக்கிப்போட அது சாக்கு ஆகாது.

இனி வெளியே கொடுப்பது. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருகிறது. 1909-இல் சென்னை ரெக்கார்டு ஆபீசாக வந்த செங்கட்டடம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் தாள்கள் 1670 முதல் அங்கே இருக்கின்றன. டச்சுக்காரர்களின் தாள்களும் உண்டு. கட்டடத்தையும் நிலைப்பையும் பார்த்தால் அதற்கு இணை இல்லை. அரசாங்கம் இருக்கும்வரை அது இருக்கும். எனக்கு இருந்த தயக்கம் வேறு. அதன் உயிர்வேலை அரசு ஆவணம். அங்கே போகிறவர் அரசாணையும் வருவாய்த்துறைக் கோப்பும் தேடிப் போகிறவர். எங்கள் அப்பத்தாவின் மொய் நோட்டு அங்கே பத்திரமாக இருக்கும். அதைத் தேடி ஒருவர் வருவாரா? குடும்பத்தில் யாராவது ஜமீனிலோ பொது வாழ்விலோ இருந்து, கடிதங்கள் அரசாங்கத்தோடு நடந்தவை என்றால் நான் எழும்பூரைத்தான் சொல்வேன். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை புதுச்சேரியிலேயே இருக்கிறது, அதையும் விசாரிக்கலாம்.

எங்களுக்கு நெருக்கமாகப் பட்டது தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரு காரணம் உணர்ச்சிதான். முத்தையா எங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதியவர். எழுதிச் சம்பாதித்ததைப் புத்தகமாகவும் பத்திரிகையாகவும், மற்றவர்கள் கழித்துக்கட்டிய அழைப்பிதழும் நோட்டீசுமாகவும் சேர்த்தவர். 1992-இல் அவர் இறந்தார். குடும்பத்தாரிடமிருந்து சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை. தொகுப்பு சிதறவில்லை, ஊரை விட்டு வெகுதூரமும் போகவில்லை. இரண்டாவது காரணம் கறாரானது. அங்கே வருகிறவர்களில் கல்யாணப் பத்திரிகையையும் பாட்டுப் புத்தகத்தையும் ஆதாரமாக வைத்து வேலை செய்கிறவர்கள் உண்டு. மொய் நோட்டு அவர்களுக்குக் குப்பையாகத் தெரியாது. 1938-இல் ஒரு கணக்குப்பிள்ளை வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் எவ்வளவு எழுதினார்கள், எந்தத் தெருக்காரர் தனிப் பக்கத்தில் எழுதப்பட்டார் என்பதெல்லாம் அதில் அப்படியே இருக்கிறது.

இதே ரகத்தில் பெசன்ட் நகரில் உ.வே. சாமிநாதையர் நூலகம் இருக்கிறது. 1942-இல் ஐயர் மறைந்த பிறகு, அடுத்த வருஷமே ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் வந்தது. ஐயர் தேடிச் சேர்த்த சுவடிகளோடு, அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களும் ஆயிரக்கணக்கில் அங்கே உண்டு. வந்த கடிதத்தைக் கிழிக்காமல் அடுக்கி வைப்பது அந்த மனிதரின் பழக்கம், நமக்கு அதிர்ஷ்டம். உங்கள் பெட்டியில் புலவர் கடிதம், ஏட்டுச்சுவடி, இலக்கியம் என்று ஏதாவது இருந்தால் அந்தத் திசையில் கேட்டுப் பாருங்கள். எங்கள் பெட்டியில் இலக்கியம் என்று சொல்ல ஒரே ஒரு வெண்பா இருக்கிறது, அதிலும் தளை தட்டுகிறது.

இன்னொரு வழி, படியெடுத்துவிட்டு அசலை வீட்டுக்கே திருப்பிக் கொடுப்பது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் பணம் பெற்று இதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்திருக்கிறது. கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளைத் தேடி ஒரு திட்டம், நிலமும் விவசாயமும் பற்றிய வீட்டுத் தாள்களைத் தேடி இன்னொன்று. பிரிட்டிஷ் நூலகத்தின் அந்தத் திட்டம் 2004-இல் தொடங்கியது. அசல் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அதன் விதி. மனசுக்கு இதுதான் மிகவும் இதமான வழி. கொடுக்கிறவருக்கு எதையும் இழந்த உணர்வு இருக்காது. ஆனால் ஒற்றைப் பெட்டிக்காக யாரும் திட்டம் போடமாட்டார்கள். ஒரு வட்டாரத்தில் முப்பது வீடு சேர்ந்தால், அதைத் தலைமேல் போட்டுக்கொள்ள ஒரு நிறுவனமும் கிடைத்தால் நடக்கும். நடந்த பிறகும் அசல் திரும்பப் பரணுக்கே வரும், பெரியப்பா மகன் பிரச்சினை அப்படியே இருக்கும்.

எங்கே கொடுத்தாலும் ஆபத்து இருக்கிறது. தெரிந்தவர் குடும்பம் ஒன்று ஓர் இடத்தில் கொடுத்த கட்டு பத்து வருஷமாகப் பிரிக்கப்படவே இல்லை. மூட்டையின் மேல் கொடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. நான் கோபப்படவில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான். விஷு எது, சுபானு எது என்று பார்த்து, மாகாணி படித்து, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி எழுத ஒருவருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களை நாம் கொடுத்துவிட்டால் என்ன என்றுதான் கடைசியில் தோன்றியது. பட்டியல் நாமே போட்டுக் கொடுத்தால் கட்டு தூங்காது, கொடுத்தது எது என்பதற்கு நம் கையிலும் ஒரு சாட்சி இருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்கவேண்டியவை சில உண்டு. இது தானமா, பாதுகாக்கக் கொடுத்ததா? இரண்டும் வேறு. வேண்டாத தாளை அவர்கள் கழித்தால் நமக்குச் சொல்வார்களா? இணையத்தில் போடுவார்களா? அப்புறம், தாள் நம்முடையதாக இருந்தாலும் அதில் எழுதியதன் உரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. பாட்டையா எழுதியது எங்களுக்குச் சேரும். அவருக்கு ரங்கூனிலிருந்து கூட்டாளிகள் எழுதியது எங்களுடையதல்ல. இதைச் சொல்லிக் கொடுப்பது நாணயம்.

வெளியே சொல்லக் கூசும் சேதிகளும் பெட்டியில் இருக்கின்றன. ஒரு கணக்கு நோட்டில், ரங்கூனில் ஒரு பெண்ணுக்கு மாதா மாதம் முப்பது ரூபாய் கொடுத்த பற்று இருக்கிறது. ஏன் என்று எழுதவில்லை. சித்தப்பா அந்த நோட்டை எரிக்கச் சொன்னார். அக்கா, "அந்தப் பொம்பள பேரு இந்தக் குடும்பத்துல எழுதியிருக்கிறது அது ஒண்ணுலதான், அதையும் எரிக்கவா?" என்று கேட்டாள். அன்றைக்குப் பேச்சு அத்தோடு நின்றது. இத்தனை வருஷம் யாருக்கும் காட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கலாம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எரிப்பதற்கும் காட்டுவதற்கும் நடுவில் அப்படி ஒரு இடம் இருப்பது சித்தப்பாவுக்கும் ஆறுதலாக இருந்தது.

கடைசியில் எங்கள் முடிவு இது. இன்னும் கையில் இருக்கும் நிலத்தின் மூலப்பத்திரங்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டோம். வில்லங்கம் பார்க்கிற காலத்தில் அதை யாரும் தானம் பண்ணமாட்டார்கள். நிலம் கைமாறிப் போய்விட்ட பத்திரங்கள் கட்டோடு போகும். போட்டோவில் ஒன்றை, பாட்டையாவும் அப்பத்தாவும் ஸ்டூடியோவில் விறைப்பாக நிற்பதை, எங்களிடமே வைத்துக்கொள்கிறோம். மற்றதெல்லாம் பிரிக்காமல் ஒரே இடத்துக்கு, முதல் கேள்வி தரமணிக்கு. அவர்களால் முடியாது என்றால் அடுத்த இடம். ஸ்கேன் மூன்று வீட்டில் மூன்று ஹார்ட் டிஸ்கில். யாழ்ப்பாணம் நூலகம் 1981-இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் ஒரே ராத்திரியில் போனதைப் படித்த யாரும் ஒரே படியை நம்பி இருக்கமாட்டார்கள்.

பட்டியல் வேலை இப்போது நடக்கிறது. நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் உட்காருகிறோம். அவள் வாசிக்க வாசிக்க நான் நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறேன். எண், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, யார் யாருக்கு, ஒரு வரிச் சேதி. பெரியப்பா மகன் சில வாரம் வந்து உட்கார்ந்து கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்க்கிறான். பேங்க்கில் இருக்கிறவன், மாகாணி எங்கள் எல்லாரையும்விட அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

போன வாரம் 186 வரை வந்தோம். 187 ஓர் உறை. பர்மாவின் மோல்மேன் ஊர்த் தபால் முத்திரை, அப்பத்தா பெயருக்கு வந்தது, ஓரம் அழகாகக் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அக்கா இரண்டு தடவை விரித்துக் காட்டினாள். அதையும் எழுதிக்கொண்டோம்: உறை மட்டும், தாள் இல்லை.